கடைசிக் குழாயில் நான் பார்க்காத குளோரின்

1. போன வருடம், எழுபத்தெட்டில், படிப்பு முடிந்த கையோடு கொச்சி மட்டாஞ்சேரியில் குடிநீர் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தேன். பன்னிரண்டு தெருக்குழாய்களில் தினமும் குளோரின் அளவு பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்திடுவது என் பொறுப்பு.

2. அங்கே வழக்கம் வேறு. ஆபீசுக்குப் பக்கத்துக் குழாயில் மட்டும் பார்த்து, அதே எண்ணைப் பன்னிரண்டுக்கும் எழுதுவார்கள்.

3. மலையாளியான ஓவர்சியர் வர்கீஸ் சேட்டனிடம் கேட்டேன். அவர் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். "ஒரே பைப்பு, ஒரே வெள்ளம், மோளே. கடைசிக் குழாயில வெள்ளம் வர்றது வெளுப்பிற்கு, விடியுமுன்னே அஞ்சு மணிக்கு. சேவை செய்ய வந்த ஆளல்லே, நீயே போய்க்கோ" என்றார். ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். நான் போகவில்லை, கையெழுத்திட்டேன்.

4. மூன்றாம் வாரம், கடைசிக் குழாய்ச் சந்திலிருந்து ஐசா பீவி வந்தார். மிளகுக் கிடங்கில் புடைப்பவர்.

"தண்ணி சாக்கடையா நாறுது இஞ்சினீரம்மா. நீங்களும் தமிழ்தானே, ஒருதரம் வந்து பாருங்க."

ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். "அளவு சரியா இருக்கும்மா. குடத்தை நல்லா கழுவிப் பிடிங்க."

"அந்தப் புக்கு குடிக்கலம்மா. எம்புள்ள குடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

5. அதிலிருந்து எட்டாம் நாள் அவருடைய நான்கு வயது மகள் வாந்திபேதியில் இறந்தாள்.

மறுநாள் விடியற்காலை அந்தக் குழாயடிக்குப் போனேன். குளோரின் இருந்தால், பரிசோதனை மருந்துச் சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். நிறமே வரவில்லை. பைப் சாக்கடைக்குள் ஓடியது; ஒரு ஜாயிண்ட் விட்டு, சாக்கடை உள்ளே கலந்திருந்தது. குழாயை அடைத்தேன். ஆபீசுக்கு வந்து ரிஜிஸ்டரை எடுத்தேன்.

"ரிஜிஸ்டரைத் தொட வேண்டா மோளே. உன் கையொப்புதான் அதில உண்டு" என்றார் சேட்டன். மிரட்டலாகச் சொல்லவில்லை, எனக்காகத்தான் பயந்தார். என் கையெழுத்துக்குக் கீழே, 'இக்குழாயில் ஒருநாளும் பரிசோதனை செய்யவில்லை' என்று எழுதினேன். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது.

இந்த வருடம் சேர்ந்த பட்டதாரிகள், அரசு வேலைக்கு ஏன் வந்தேன் என்று கேட்கிறார்கள். இன்டர்வியூவில் சேவை என்றுதான் சொன்னேன். வந்தது நிரந்தர வேலைக்காக. அதில் தவறில்லை. ஆனால் எதற்காக வந்திருந்தாலும், கையெழுத்துப் போடும் குழாய்க்கு நேரில் போய்விடுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

என் மீதான விசாரணை முடியவில்லை. புது பைப் வேலை பாதியில் நிற்கிறது. சந்துக்கு லாரியில் தண்ணீர் போகிறது. ஐசா பீவி எங்கள் ஆபீசுக்கு அதன்பின் வரவில்லை.