அடியில் போன தார்ப்பாய்

குற்றாலத்தில் சாரல் விழுந்து கச்சேரிப் பந்தல் போட்டாயிற்று என்று தெரிந்தால் போதும், கீழப்பாவூரில் எங்கள் வீட்டுக் கச்சேரி அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். அண்டா உருளும். ஸ்டவ்வுக்குத் திரி மாற்றுவார்கள். அரிக்கேன் விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பார்கள். புளியோதரை மணமும் மண்ணெண்ணெய் வாடையும் ஒன்றாகக் கலந்து வீடு முழுக்க நிற்கும். அந்த வாடை இப்போது எங்கேயாவது வந்தாலும் எனக்கு அருவிச் சத்தம் கேட்கிறது.

சீசனில் அறை கிடைக்காது. ஐந்தருவிக்குப் போகும் பாதையில் ஒரு தென்னந்தோப்பு உண்டு. தார்ப்பாயைக் கொண்டுபோய் மரத்துக்கு மரம் கட்டி, அதன் அடியில் சனி ஞாயிறு தங்கி, பகலில் அருவியிலும் பொழுது சாய்ந்தால் பந்தலிலுமாக இருந்துவிட்டு வருவது வழக்கம்.

அந்த வருஷம் அம்மா மாசமாக இருந்தாள். அவளும் அப்பாவும் வரவில்லை. பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, நான் என்று பாரவண்டி கட்டினோம். மூட்டை கட்டுகிற வேலை சித்தியின் தலையில் விழுந்தது. வீட்டுக்குப் புதிதாக வந்தவள் அவள்தானே.

சித்திக்குப் புளியங்குடி. அவளுடைய அண்ணன் எலுமிச்சம்பழ மூட்டைகளை லாரியில் ஏற்றி வெளியூர் சந்தைகளுக்குக் கொண்டுபோகிறவர். எனக்கு மாமா முறை. ஆனால் அவர் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது பெரியப்பாவின் உத்தரவு. கல்யாணத்தன்று முதல் பந்தியில் பெரியப்பாவுக்கு இலை போடாமல் விட்டுவிட்டார்களாம். அந்த ஒரு இலையால் போக்குவரத்தே நின்றுபோயிற்று. கல்யாணமான பெண்ணை முதல் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் பக்கத்து முறை. ஆடி பிறந்ததும் மாமா தட்டோடு வந்து வாசலில் நின்றார். பெரியப்பா ஈசிசேரில் சாய்ந்தபடி விட்டத்தைப் பார்த்து, "இங்கன யாரும் யாரையும் அனுப்புததா இல்ல" என்றார். மாமா தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். கதவுக்குப் பின்னால் சித்தி நின்றாள். அவள் முந்தானைக்குப் பின்னால் நான் நின்றேன். யாராவது வந்தால் நான் நிற்கிற இடம் அதுதான். அவ்வளவு கூச்சம் எனக்கு.

மூட்டை கட்டும்போது சித்தி முகத்தில் அந்த வருத்தம் எதுவும் தெரியவில்லை. முறுக்கு டப்பாவை நான் தூக்கி வண்டியில் முதலில் வைத்ததும் சிரித்தாள்.

"ஏட்டி, நடுவழியில முறுக்கு கேப்ப. அப்போ அண்டாவையும் அரிசியையும் ஆரு தூக்குவா? எது மொதல்ல எறங்கணுமோ அது கடைசியில ஏறணும். எங்க அண்ணன் லாரியில அப்படித்தான் ஏத்தும்."

டப்பா கடைசிக்குப் போயிற்று. ஆனால் தார்ப்பாயை அவளே நாலாக மடித்து வண்டியின் அடிப்பலகை மேல் முதலில் விரித்தாள். அதன் மேல் அரிசி மூட்டை, அண்டா, ஸ்டவ், பாய், தலையணை, சீயக்காய், எண்ணெய்க் குப்பி. ஒரு மூலையில் மட்டும் தார்ப்பாய் தெரிகிற மாதிரி கொஞ்சம் இடம் விட்டாள்.

"தார்ப்பாய் அடியிலயா சித்தி?" என்று மெல்லக் கேட்டேன்.

"நீ ஒக்காரதுக்குத்தான். மெத்துன்னு இருக்கும்லா?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் அதுவரை யாரும் எனக்கென்று ஒரு மூலையை ஒதுக்கியதில்லை.

அந்த மூலையில் மெத்தென்று உட்கார்ந்துதான் போனேன். வழியெல்லாம் மேகம் எங்களோடு கூடவே வந்தது. தென்காசிக் கோபுரம் அப்போது மொட்டையாகப் பிளந்து நிற்கும். அந்தப் பிளவு வழியாக ஒரு துண்டு வானம் ஒழுகுவது போல இருந்தது. காற்று ஈரமாக வந்து இமையைத் தடவியது. தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியாது. சித்தி மட்டும் மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். "ஏட்டி, கச்சேரின்னா எங்க அண்ணனுக்குக் கிறுக்கு. வருசா வருசம் லாரியோட வந்து அந்தத் தோப்புலதான் கெடக்கும்" என்று என் காதில் சொன்னாள். கனவில் கேட்பது போலக் கேட்டுக்கொண்டேன்.

தோப்புக்குள் வண்டி நுழையும்போது சாரல் மழையாகிவிட்டது.

"தார்ப்பாய எடுல!" என்று பெரியப்பா சித்தப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

சித்தப்பா எண்ணெய்க் குப்பியை எடுத்தார். சீயக்காயை எடுத்தார். தலையணையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். தார்ப்பாய் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தபோது பாய் நனைந்து, அரிசி நனைந்து, பெரியம்மாவின் பட்டுச்சேலை சாயம் போகத் தொடங்கியிருந்தது.

பெரியப்பா தம்பி பெண்டாட்டியோடு நேராகப் பேசமாட்டார். அது மரியாதை. அதனால் ஒரு தென்னைமரத்தைப் பார்த்து ஏசினார். "கூரையக் கொண்டு போயி அடியில போடுவாளால ஒருத்தி? அந்தப் புள்ளைகிட்ட கேளுங்க!"

"லாரி ஏத்துத வீட்டுல பொறந்தவளாம், பெருமை வேற!" என்றாள் பெரியம்மா.

சித்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்காகத்தான் போட்டாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. கூச்சத்தில் வெளியே வரவில்லை.

அப்போதுதான் தோப்பின் மறுபக்கத்திலிருந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். மாமா. பின்னால் அவருடைய லாரி நின்றது. எதுவும் கேட்காமல் லாரிப் படுதாவை உருவி, ஒரு பக்கத்தை லாரியிலும் மறுபக்கத்தை மரங்களிலும் இழுத்துக் கட்டினார். பெரிய படுதா. ஒரு கல்யாணத்தையே அதன் அடியில் நடத்தலாம். முதலில் நான் ஓடினேன். பிறகு பெரியம்மா, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. படுதா முழுக்க எலுமிச்சம்பழ வாசனை.

பெரியப்பா வரவில்லை. கம்பி ஒடிந்த குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். "அந்த வீட்டுப் படுதாவுக்கு அடியில நான் நிக்கமாட்டேன்" என்று மறுபடியும் தென்னைமரத்திடம் சொன்னார்.

மாமா லாரிக்குள்ளிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார். அதன் முன்னால் ஒரு வாழையிலை. இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, மழையில் இறங்கி நின்று கையைக் கூப்பினார்.

"அத்தான், மொத எல ஒங்களுக்குத்தான். நீங்க ஒக்காராம இங்கன ஒருத்தரும் சாப்பிட மாட்டாக."

தூரத்தில் பந்தலில் நாகசுரம் தொடங்கியது. மழைக்குள் நுழைந்து, மரம் மரமாகத் தொட்டுக்கொண்டு வருவது போல அந்தச் சத்தம் வந்தது. அருவி எது, மழை எது, நாகசுரம் எது என்று பிரிக்க முடியவில்லை. பெரியப்பாவின் குடை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

"மழ விடுத மட்டும் ஒக்காருதேன்" என்றார்.

மழை விடவே இல்லை. நல்ல மழை அது.

சாப்பிட்டு எல்லோரும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் சித்தியின் மடியில் தலைவைத்து, "என்னாலதான ஒனக்கு ஏச்சு விழுந்திச்சி?" என்று கேட்டேன்.

சித்தி என்னையே பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். "ஆமாட்டி, ஒன்னாலதான்" என்று சொல்லி என் ஈரத் தலையைத் துவட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி லாரியின் முன்பக்கத்தில் ஏறிப் புளியங்குடிக்குப் போனாள். பெரியப்பாதான் அனுப்பினார். "ஆடி முடிஞ்சதும் கொண்டாந்து விடச் சொல்லு" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். நான் லாரி மறைகிற வரை அழுதேன்.

திரும்பும்போது பெரியப்பாவே முன்னால் நின்று வண்டியில் ஏற்றினார். தார்ப்பாய் எல்லாவற்றுக்கும் மேலே. ஒரு சொட்டு மழை இல்லை. எனக்குக் கிடைத்த இடத்தில் அண்டாவின் விளிம்பு வழி முழுக்க முதுகில் குத்தியது. என்மேல் பிரியம் உள்ளவள் லாரியில் போய்விட்டாள், இனி எனக்கு யார் தார்ப்பாய் விரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

முறுக்கு டப்பாவுக்கு அவ்வளவு நியாயம் சொன்னவள், தார்ப்பாய்க்கு மட்டும் அதை ஏன் மறந்தாள் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பல வருஷம் கழித்து, கல்யாணமான என் முதல் ஆடிக்கு அப்பா தட்டோடு வந்து நின்றபோது, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு, எங்கிருந்தோ எலுமிச்சம்பழ வாசனை வந்தது.