நடக்க வந்தவர்களை ஜீப்பில் ஏற்றினார்கள்

அன்னபூர்ணா மலைப்பக்கம் பத்து நாள் நடை, முடிவில் முக்திநாத் தரிசனம் என்று சொல்லித்தான் யாத்திரை டூர் நடத்தும் ஒரு திருச்சிக்காரர் எங்களை நேபாளத்துக்கு அழைத்துப் போனார். நானும் என் தோழியும் பெரம்பலூரில் ஒரே மருத்துவமனையில் செவிலியர்கள். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவள் அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். எனக்கு மலை மேல் ஆசை, அவளுக்கு முக்திநாத் பெருமாள் மேல். அதற்காக ஏழு மாதம், டியூட்டி இல்லாத ஞாயிறுகளில் லாடபுரம் பக்கம் போய்ப் பச்சைமலையில் ஏறி இறங்கினோம். முதல் மாதம் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்தே கழிந்தது.

பொக்காராவில் இறங்கிய மறுநாள் விடுதி வாசலில் மூன்று ஜீப்புகள் நின்றன.

"அண்ணே, நடந்துதானே போறோம்?" என்றேன்.

"ரோடு வந்துடுச்சுக்கா. பழைய நடைபாதையெல்லாம் இப்ப இல்ல, எங்க நடப்பீங்க? மூணு நாள்ல தரிசனம் முடிச்சுட்டு, மிச்ச நாள் இங்க ஷாப்பிங் பண்ணுங்க."

"நாங்க நடக்கத்தாங்க வந்தோம்."

"உங்க வயசுக்கு ஜீப்தான்க்கா சேஃப்டி" என்று சிரித்தார். எங்கள் குழுவில் வந்திருந்த மற்ற பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. தெரியாத ஊரில் சண்டை போட்டு என்ன செய்வது என்று ஏறி உட்கார்ந்தோம். இன்றுவரை அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம்.

அன்று முழுக்கப் புழுதி. முன்னால் போகும் வண்டி தெரியவில்லை, மலை எங்கே தெரியப்போகிறது? கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே ஒருவர் செல்போனில் சீரியல் பார்த்துக்கொண்டு வந்தார். தின்ற புளியோதரைப் பொட்டலங்களைக் கண்ணாடியை இறக்கி வெளியே எறிந்தார்கள். "கீழ ஆறு இருக்குங்க" என்றேன். "அதான் அடிச்சிக்கிட்டுப் போயிடுமே" என்றார் ஒரு ரிட்டையர்டு வாத்தியார்.

சாயங்காலம் காலோபானி என்ற ஊரில் தங்கினோம். விடுதியை நடத்தியவள் எங்கள் வயதுப் பெண். என் தோழியின் கணவர் ராணுவத்தில் இருந்ததால் அவளுக்கு இந்தி சரளம். "பழைய நடைபாதை இப்போது இருக்கிறதா?" என்று கேட்டாள். ஆற்றுக்கு அக்கரையில் இன்னும் இருக்கிறது, பாறைகளில் பெயிண்ட் அடையாளம்கூடப் போட்டிருக்கிறது, ஜீப் வந்தபிறகு யாரும் கேட்பதில்லை என்றாள் அந்தப் பெண். தன் கொழுந்தனார் வழிகாட்டிதான், கூட வருவார் என்றும் சொன்னாள்.

"இந்த ரோடு வந்து எல்லாத்தையும் நாசமாக்கிடுச்சுன்னு சொல்லுடி அவங்கக்கிட்ட" என்றேன் தோழியிடம்.

தோழி சொன்னதைக் கேட்டதும் அந்தப் பெண் அடுப்பைத் தணித்துவிட்டு எங்கள் எதிரே உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். போன வருடம் மருமகளுக்கு வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், இரண்டு உயிரும் பிழைத்தன. மூத்த மகளின் பிரசவத்தின்போது ரோடு இல்லை.

இருபத்தைந்து வருடம் பிரசவம் பார்த்த எங்களுக்கு மேலே கேட்க எதுவும் இல்லை. ரோட்டின் மேல் கோபப்பட எனக்கு உரிமை கிடையாது என்று அப்போது புரிந்தது. ரோடு அவர்களுக்கு. பாதை இருக்கும்போதே இல்லை என்று சொல்லி எங்களை ஏமாற்றியவர் மேல்தான் கோபம் இரண்டு மடங்கானது.

காலையில் நாங்கள் ஜீப்பில் ஏறவில்லை. திருச்சிக்காரர் கத்தினார்.

"ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல!"

"நேத்து நீங்க சொன்ன பொய்க்கு மட்டும் பொறுப்பெடுத்துக்கிட்டாப் போதும்" என்றாள் என் தோழி. அவள் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. முக்திநாத்துக்குக் கீழே உள்ள ஜோம்சோமில் மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்துகொள்வதாகவும், அதற்கடுத்த நாள் அங்கே ஓய்வு என்பதால் அன்று நாங்கள் முக்திநாத் போய் வருவதாகவும் சொல்லிவிட்டு வழிகாட்டியோடு பாலத்தைக் கடந்தோம்.

இரண்டு நாள் நடை. பைன் மர வாசனை, காலுக்கடியில் மெத்தென்று ஊசி இலைகள், தலைக்கு மேல் பனிமலை. எதிர்க்கரையில் ஜீப்புகள் புழுதிக்கோடு இழுத்துக்கொண்டு போயின. ஆற்றின் இரைச்சலில் அவற்றின் சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. எதிரே வந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ரோடு வந்து எல்லாம் பாழாகிவிட்டது என்று வீடியோவில் சொல்கிறவர்கள் இந்தக் கரையைப் பார்த்ததுண்டா என்று நான் வழி நெடுகப் பொருமிக்கொண்டே நடந்தேன். "கொஞ்சம் வாய மூடிட்டு மலையப் பாருடி" என்றாள் தோழி.

ஜோம்சோம் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் முக்திநாத் போய்த் திரும்பியிருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் கீழே இறங்குவதாகத் திட்டத்தை மாற்றியிருந்தார் திருச்சிக்காரர். எவ்வளவு கேட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்க ஒப்பவில்லை. ஊர் திரும்பும் டிக்கெட்டெல்லாம் அவர் கையில் இருந்தது.

"இவ்ளோ கிட்ட வந்தும் சாமிய சேவிக்காமப் போறீங்களே" என்று உச்சுக்கொட்டினார்கள். என் தோழி போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளை இழுத்துக்கொண்டு நடந்தது நான்தானே என்று எனக்குத் தாங்கவில்லை.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்து, ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு எங்கள் டாக்டர் கேட்டார். "அங்க எல்லாம் ரோடு போட்டுக் கெடுத்துட்டாங்களாமே? இனிமே போறது வேஸ்ட்டுன்னு வீடியோல சொல்றாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் தோழி முந்திக்கொண்டாள்.

"போங்க சார். நடந்து போங்க. வண்டியிலதான் போவேன்னா நேபாளம் எதுக்கு? அரியலூர்ல சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னாடி ஒரு ரவுண்டு வாங்க, அதே புழுதிதான்."

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வருடத்துக்கு இரண்டு பேருக்கும் லீவு வேண்டும் என்று அங்கேயே கேட்டுவிட்டாள். இந்த முறை முக்திநாத் வாசல்வரை நடைதான், நடுவில் எந்தத் திருச்சிக்காரரும் கிடையாது.