படங்கின் மேல் போட்ட பழி

கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வந்தபோது என் மனைவிக்கு நான் வாங்கி வந்தது சேலை அல்ல, ஒரு புதுப் படங்கு. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த விரிப்பைத்தான் படங்கு என்போம். போன பொங்கலுக்கு நான் வந்து போனபின் அவளுக்குத் தொடையிடுக்கில் கொப்புளங்கள் வந்து புண்ணாகியிருந்தன. எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மழையில் ஊறிய பழைய படங்கு நாளெல்லாம் உரசியதால்தான் என்று நம்பினாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். நானும் போனில் ஆமாம் போட்டுவிட்டு, வரும் வழியில் பதுளையில் நல்லதாக ஒன்று பார்த்து வாங்கிக் கொடுத்தேன். அதே மாதிரிக் கொப்புளங்கள் அதற்கு முன்பே கொழும்பில் எனக்கு வந்து போயிருந்தன. சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த அந்த நாட்களில் நான் யோக்கியனாக இருக்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும். எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

புதுப் படங்கு கட்டியும், நான் கொழும்புக்குத் திரும்புமுன்பே புண் மறுபடி வந்தது. தோட்டத்து டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்து இருவரையும் பதுளை கிளினிக்குக்குப் போகச் சொன்னார். அங்கே நர்ஸாக இருந்த மிஸ்ஸியை நான் மறக்கவே மாட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய முஸ்லிம் பெண்மணி, டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பம். மனைவியை இரத்தம் எடுக்க உள்ளே அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். வெட்கம் கெட்டவன் நான், அவரிடமும் படங்குக் கதையையே அவிழ்த்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, நீங்களும் கொழுந்து எடுக்கிறீங்களா?" என்றார். எனக்கும் கொப்புளம் வந்து போனதை ஒத்துக்கொண்டேன்.

"இது ஹெர்பிஸ். மருந்து குடிச்சா புண் ஆறும். கிருமி உடம்புல கெடந்து அப்பப்ப வரும், உயிருக்கு ஆபத்தில்ல. என் பயம் வேற. அந்த இடத்துல புண் இருந்தா எச்.ஐ.வி. உள்ள வாறது லேசு. ரெண்டு பேருக்கும் பாக்கணும். ஏன்னு வீட்டம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

பிழைப்புக்காக வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் வீடு பார்க்கும் ஆண்கள், புண்ணைக் காட்ட வெட்கப்படும் பெண்கள் என்று எங்களைப் போன்றவர்களைத் தினமும் பார்த்தவர் அவர். ஆனாலும் அவர் குரலில் ஏளனம் இருக்கவில்லை.

பஸ்ஸுக்காக நின்றபோது மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "படங்கு வாங்கிக் குடுக்கும்போதே தெரியுமா?" தெரியும் என்றேன். வீட்டுக்கு வந்தபின் சோறு போட்டாள், முகம் பார்க்கவில்லை. எனக்கு எச்.ஐ.வி. இருந்தால் இருக்கட்டும், அவளுக்கு மட்டும் வந்திருக்கக் கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று மிஸ்ஸி என்னைத் திரும்பியும் பார்க்காமல் அவளிடம்தான் முதலில் சொன்னார். "ரெண்டு பேருக்கும் இல்லம்மா." மூன்று மாதம் பொறுத்துத் திரும்பப் பார்த்தபோதும் இல்லை. அன்றைக்கு வாசலுக்கு வந்து நின்று, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, விக்கி விக்கி அழுதேன். உடம்பு அப்படி லேசாகிப்போனது.

கொழும்பை விட்டுவிட்டேன். இப்போது வெலிமடையில் மரக்கறி லொறியில் வேலை, பொழுது சாயும்போது வீடு. எங்களில் யாருக்குக் கொப்புளம் வந்தாலும் மறைப்பதில்லை. "எனக்கு எரியுது, தள்ளிப் படுங்க" என்று அவளே சொல்லிவிடுகிறாள். போன வாரம் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவளிடம், என் மேல் நம்பிக்கை வந்துவிட்டதா என்று துணிந்து கேட்டேன். சூடான ரொட்டி ஒன்றை என் தட்டில் போட்டாள்.

"இரத்தத்துல இல்லேன்னு மிஸ்ஸி சொன்னத நம்புறேன். ஒங்கள இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."