நீக்கவா, நிறுத்தி வைக்கவா

இலவசமாகக் கிடைக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு நாளா என்று கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் இருப்பதில் மலிவானதை வாங்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இலவசம் என்றால் ஆளாளுக்கு ஒரு யோசனை. ஹட்டனில் இருந்த எங்கள் சிறிய அலுவலகம் தேயிலைத் தோட்டத்து லயங்களில், ஒட்டிக் கட்டிய வரிசை அறைகளில், இருந்தவர்களுக்குத் தனி வீடு கட்டிக்கொடுத்தது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம், கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டம். எங்கே அத்திவாரம் போட்டாயிற்று, எங்கே கூரைத் தகரம் வரவில்லை, யார் போய்ப் பார்ப்பது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைக்க ஒரு மென்பொருள் வேண்டும். திறந்த மூல மென்பொருள்கள் இரண்டை இறக்கி, ஒவ்வொன்றையும் ஒரு பழைய கணினியில் போட்டு, இரண்டிலும் ஒரே விவரங்களைக் கொடுத்து, எது தோது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். முடிவு சொல்லும் பொறுப்பு என் தலையில்.

வெளியே அலையும் உத்தியோகத்தர்களுக்குக் கணினி கிடையாது. அதனால் காலையில் எல்லாரும் முன்னறையில் கூடுவார்கள். நான் திரையைப் பார்த்துப் பேரையும் வேலையையும் வாசிப்பேன். பேர் கேட்டவர் "வாரேங்க" என்பார். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நாங்கள் அத்தனை பேரும் தோட்டத்துப் பிள்ளைகள். விடியலில் பெரட்டுக் களத்தில் நின்று, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்காகக் காத்திருந்தவர்களின் வயிற்றில் பிறந்தவர்கள். படித்து, சப்பாத்துப் போட்டு, மேசைக்கு வந்த பிறகும் பெரட்டு எங்களை விடவில்லை. அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

எங்களில் மூத்தவர் ஒருவர் ராகலைக்காரர். எல்லாருக்கும் அவர் அண்ணன். ஒரு மழை நாளில் மஸ்கெலியாப் பாதையில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கிப் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். சாவு வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தோம். மறுபடி அலுவலகம் திறந்த காலையில் நான் வழக்கம்போல் வாசித்துக்கொண்டு போனேன். அண்ணன் பேர் வந்தது, பக்கத்தில் சிவப்பில் 'தாமதம்' என்று. வாய் முந்திக்கொண்டது, வாசித்துவிட்டேன். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "வாரேங்க" என்றது.

திரும்பிப் பார்த்தேன். அண்ணனோடு கூடவே திரிந்த உத்தியோகத்தர்தான் எழுந்து நின்றார். "அண்ணன் வேலைய நான் பாக்குறேங்க மிஸ். பேரு இருக்கட்டும்."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். பேர் பதிவில் இருக்கும்வரைதான் லயத்தில் குடியிருக்க ஒரு காம்பிரா, ஓர் அறை. வெட்டிவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே. யாராவது நோயில் படுத்தால் சொந்தக்காரர்கள் மாறி மாறி அவர் பேரில் வேலை செய்து பேரைக் காப்பாற்றுவார்கள். எங்கள் ஆட்களும் அதையே செய்தார்கள். அண்ணன் பேரில் ஒரு வேலை முடிந்தால் உடனே இன்னொன்றைப் போட்டார்கள். அந்தப் பேரால் யாருக்கும் எதுவும் கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் நான் கூப்பிட்டேன், யாரோ பதில் சொன்னார்கள். போகப் போக, அது யாருடைய குரல் என்று திரும்பிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தேர்வும் அங்கேயே வந்து சிக்கிக்கொண்டது. ஒரு மென்பொருளில் ஆளை நீக்கிவிடலாம், நீக்கினால் பேர் அடியோடு போய்விடும். மற்றதில் நீக்கவே முடியாது. நிறுத்தி வைக்கலாம், வேண்டும்போது திரும்ப எழுப்பலாம், பேர் மட்டும் சாம்பல் நிறத்தில் என்றைக்கும் கிடக்கும். முதலாவதுதான் வேகம். எங்கள் கிழட்டுக் கணினிகளுக்கும் அதுதான் ஏற்றது. ஆனால் எல்லாரும் இரண்டாவதையே கேட்டார்கள். என் மனமும் அந்தப் பக்கமே சாய்ந்தது.

முடிவெடுக்கக் கூடியிருந்த அன்று மத்தியானம் அண்ணனின் மனைவி வந்தார். கொழுந்து பறிக்கிறவர். வேலையை விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி வந்திருந்தார். கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

"மிஸ், அவரு பேரத் தெனமும் கூப்புடுறீங்களாமே?"

"ஆமாங்க அக்கா. யாரும் வெட்டல" என்றேன். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

"வேலையும் குடுக்குறீங்களா?"

"குடுக்குறோங்க."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் பேச்சு வந்தது. "விடியக்காலையில வாசல்ல சப்பாத்துச் சத்தம் கேக்குது மிஸ். பைக்க உருட்டுற சத்தம். புள்ளைகளுக்கும் கேக்குது. கருமாதியெல்லாம் மொறையாத்தான் செஞ்சோம், ஏன் போகமாட்டேங்குறாருன்னு அழுதுகிட்டுக் கெடந்தேன். வேலைன்னு கூப்புட்டா அவரு வீட்டுல நிப்பாருங்களா? அவுங்க அப்பாவும் அப்புடித்தான், பெரட்டுக்குப் போயிப் போயே செத்தாரு. செத்தாலாவது ஓய்வு உண்டுன்னு இருந்தோம். அதுவும் அவருக்கு இல்லைங்களா மிஸ்?"

இரண்டாவது மென்பொருளை அது இருந்த கணினியிலிருந்தே அழிக்கச் சொல்லிவிட்டு, முதலாவதைத் திறந்து, அண்ணன் பேரைத் தேர்ந்து 'நீக்கு' என்பதை அழுத்தினேன். நீக்காமல் அது ஒரு கேள்வி கேட்டது.

அக்கா எட்டிப் பார்த்தார். "என்னா கேக்குது?"

"முடியாத வேலைய யாருக்கு மாத்துறதுன்னு கேக்குதுங்க அக்கா."

"யாருக்காவது குடுத்துருங்க. பாதியில கெடந்தா அதுக்காகவே திரும்பி வருவாரு."

என் பேரைப் போட்டு அழுத்தினேன். அண்ணன் பேர் திரையிலிருந்து போனது. அக்கா எழுந்தார். எங்களில் யாரையும் பார்க்காமல், கதவருகில் ஓர் ஆள் உயரத்துக்குக் கண்ணை வைத்து, வீட்டில் பேசுகிற மெதுவான குரலில் சொன்னார்: "ஒங்க வேலைய மிஸ் பாத்துக்குவாங்க. நீங்க போங்க."

வாசலுக்கு நேரே நின்றுகொண்டிருந்த நாங்கள் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டோம்.