ஆயுத பூசைக்குத் துடைத்த தகடுகள்

அந்த வாரம் நான் உங்கள் இருவர் மேலும் எரிந்து விழுந்தேன். சின்னவள் காலில் போட ஒற்றைச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்ததற்கு ஓர் அதட்டல், பெரியவன் டிவியைச் சத்தமாக வைத்ததற்கு ஓர் அதட்டல். "அப்பாவுக்கு என்னா?" என்று அம்மாவிடம் கேட்டீர்கள். அம்மாவுக்கும் தெரியாது. நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டவன். எழுத்து சுமாராகத்தான் வரும். ஆனாலும் வாயால் சொன்னால் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். அதனால் எழுதுகிறேன்.

லாபுவில் எங்கள் பட்டறை இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். முன்பக்கம் செம்பனைத் தோட்டம், பின்பக்கமும் செம்பனை. தோட்டத்து லோரிகள் நின்ற பழைய கொட்டகை அது. அங்கே நாங்கள் கடலில் ஓடும் படகு செய்கிறோம். படகு கேட்டு வருகிறவர்கள் முதலில் ரோட்டோரம் நின்று, சரியான இடத்துக்குத்தான் வந்தோமா என்று போன் போட்டுக் கேட்பார்கள்.

அலுமினியம் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டிக்கு ஒன்று, சன்னலுக்கு ஒன்று. உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காகக் கிடக்க வேண்டிய படகுக்கு வேறு ஒன்று. படகுத் தகட்டில் மெக்னீசியம் கலந்திருக்கும். விறைப்பாக இருக்கும், உப்பு அரிக்காது. அதை நாங்கள் 5083 என்று நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவோம். படகு வேலை இல்லாத நாளில் லோரிக்குப் பெட்டி அடிப்போம். அதற்குச் சாதா தகடு போதும். மெதுவானது, மடக்கினால் மடங்கும். இரண்டுமே ஐந்து மில்லி கனம். பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தால் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது.

ஆலையில் முழுத் தகட்டின் மேல் நம்பரை அச்சடித்து அனுப்புவார்கள். துண்டாக வெட்டினால் அது எல்லாத் துண்டிலும் வராது. அதனால் வெட்டின கையோடு ஒவ்வொரு துண்டிலும் மார்க்கர் பேனாவால் நம்பர் எழுத வேண்டும். அது என் பொறுப்பு.

ஆயுத பூசை வந்தது. பட்டறையில் அன்றைக்கு எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்கள். வெல்டிங் மெஷினுக்குச் சந்தனம், கிரைண்டருக்குக் குங்குமம், எல்லாவற்றுக்கும் மாலை. முதல் நாள் நான்தான் எல்லாரையும் விரட்டி விரட்டிச் சுத்தம் செய்ய வைத்தேன். படகின் அடிப்பாகத்துக்கு வெட்டி வைத்திருந்த எட்டுத் துண்டு, லோரிக்கு வெட்டியிருந்த ஆறு துண்டு, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, பெயிண்ட் கரைக்கிற தினர் ஊற்றி நானே துடைத்தேன். எண்ணெய்க் கறை, கைரேகை, தூசி எல்லாம் போய்விட்டது. நம்பரும் போய்விட்டது. போகும்போதே தெரிந்தது. 'பரவாயில்லை, எது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாதா' என்று நினைத்துக்கொண்டேன்.

தரையைக் கழுவிய பிறகு ஆளாளுக்குத் தூக்கி வந்து சாய்த்தார்கள். பூசை முடிந்து மறுநாள் நான் பேனாவை எடுத்தேன். இடது சுவரில் எட்டு, வலது சுவரில் ஆறு. கணக்கு சரியாக இருந்தது. இடது சுவரில் இருந்த எட்டிலும் 5083 என்று எழுதினேன்.

மூன்று வாரம் கழிந்தது. படகு முடிந்துவிட்டது. போர்ட்டிக்சனில் மீன்பிடிக்க ஆட்களைக் கூட்டிப் போகிற ஒரு மலாய்க்காரருக்காகச் செய்தது. ஒரு நடைக்கு ஆறு பேர் ஏறுவார்கள். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை உங்கள் மாமா லோரிப் பெட்டிக்காகத் தகட்டை மடக்கிக்கொண்டிருந்தான். ஐந்து துண்டு ஒழுங்காக மடங்கியது. ஆறாவது துண்டை மெஷினில் வைத்து அழுத்தினான்.

"மச்சான், இதுக்கு என்னா கோவம்? மடங்க மாட்டேங்குது லா."

"நல்லா அமுத்து."

இன்னும் அழுத்தினான். மடிப்பின் முதுகில் முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியது. அதைத் தடவிப் பார்த்தேன். சாதா தகடு அப்படி வெடிக்காது. லோரித் துண்டுகளுக்கு நடுவில் ஒரு 5083 இருக்கிறது. அப்படியென்றால் படகின் அடியில் ஒரு சாதா தகடு இருக்கிறது.

உங்கள் மாமாவும் புரிந்துகொண்டான். மெஷினை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னான். "சும்மா இரு மச்சான். எல்லாம் வெல்டிங் வச்சு ஒட்டி, தேய்ச்சு, பளபளன்னு இருக்கு. யாருக்குத் தெரியும்? பூசை போட்ட தகடு, சாமி பாத்துக்கும்."

"அலை அடிச்சா?"

"அடிச்சா அடிக்கட்டும். நீ சொன்னா மொதலாளி ஒன்னைய மட்டுமா வெரட்டுவான்? என்னையும் சேத்துதான். எனக்கு இந்த வருசம் கல்யாணம், ஞாபகம் இருக்கா?"

நான் சும்மாதான் இருந்தேன். இதை மறைக்க மாட்டேன். செவ்வாய் முழுக்க, புதன் முழுக்க. புதன்கிழமை அந்தப் படகுக்கே கைப்பிடி ஒட்டினேன், மேல்தட்டைத் தேய்த்தேன். குனியும்போதெல்லாம் அடியில் எந்தத் துண்டு என்றுதான் ஓடும். மெதுவான தகடு அலை அடிக்க அடிக்க வளைந்து கொடுக்கும். விறைப்பான தகட்டோடு ஒட்டிய இடத்தில் ஒரு நாள் கிழியும். கரையில் நிற்கும்போது கிழியாது, வேகமாக ஓடும்போதுதான் கிழியும். அந்த இரண்டு நாள்தான் உங்களை அதட்டியதும்.

வியாழன் காலை எங்கள் சீன முதலாளி, தவுக்கே, வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் அப்பா நம் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் அவருக்குத் தமிழ் என்னைவிட நன்றாக வரும். திட்டும்போது இன்னும் நன்றாக வரும். ஆனால் அன்றைக்குத் திட்டவில்லை. கோப்பியைக் கீழே வைத்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்.

"நம்பரு நீ எழுதுனதா?"

"ஆமா தவுக்கே."

"பாத்து எழுதுனியா, நெனச்சி எழுதுனியா?"

"நெனச்சிதான்."

அவர் எழுந்து போய் ஸ்பிரிங் வைத்த குத்துளி ஒன்றை எடுத்து வந்தார். அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் குத்தும். நம்பர் தெரிந்த 5083 துண்டில் ஒரு குத்து, சாதா துண்டில் ஒரு குத்து. முதலாவதில் கடுகு அளவுக்குக் குழி, இரண்டாவதில் அதைவிடப் பெரியது. கண்ணாலேயே தெரிந்தது.

பெல்ட்டில் படகைத் தூக்கி நிறுத்தினோம். நான் மல்லாந்து அடியில் நுழைந்தேன். தவுக்கே பக்கத்தில் குந்திக்கொண்டு டார்ச் அடித்தார். உங்கள் மாமா தூரத்தில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தகடு, தக். கடுகு. இரண்டாவது, கடுகு. மூன்றும் நான்கும் அப்படியே. எனக்கு ஓர் ஆசை வந்தது. ஒருவேளை வெடித்தது வேறு காரணமோ, மெஷின் கோளாறோ. ஐந்தாவது, கடுகு. ஆறாவது முன்பக்கத்து வலது தகடு. அலை முதலில் அறைகிற இடம் அதுதான்.

தக்.

தவுக்கே டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுவந்தார். குழி கடுகைவிடப் பெரியது. மிச்சம் இரண்டையும் குத்திப் பார்த்தேன். அவை நல்லவை. வெளியே வந்ததும் வெட்டுகிற மெஷினை அவரே என் கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை அந்த மலாய்க்காரர் டிரெய்லரோடு வந்தபோது படகின் வயிற்றில் ஓர் ஓட்டை. "நீயே பேசு" என்று தவுக்கே உள்ளே போய்விட்டார். நான் மலாயில், 'பாங்' என்று அண்ணன் முறை வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பூசை, தினர், பேனா எல்லாவற்றையும். அவர் குனிந்து ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா?"

"தெரிந்திருக்காது, பாங்."

"எத்தனை நாள் தாங்கியிருக்கும்?"

"அது எனக்குத் தெரியாது, பாங்."

தலையை வெளியே எடுத்தார். "புதுத் தகட்டை யார் ஒட்டுவது?"

"நீங்கள் வேறு ஆள் வேண்டும் என்றால்..."

"வேண்டாம். நீயே ஒட்டு. ஒட்டிவிட்டு நீயே ஏறு. என் ஆட்கள் ஏறுவதற்கு முன்னால்."

"எனக்கு நீந்தத் தெரியாது, பாங்."

"எனக்கு வெல்டிங் தெரியாது" என்றார் அவர்.

திங்கட்கிழமை ஒட்டினேன். ஆலை நம்பர் அச்சடித்த மூலையைத் தவுக்கேயிடம் காட்டிவிட்டுத்தான் வெட்டினேன். ஒட்டிய இடமெல்லாம் சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளைப் பவுடர் தெளித்தோம். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும்பும். ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழும்பவில்லை.

புதன்கிழமை காலை போர்ட்டிக்சன். இத்தனை வருஷம் படகுக்குத் தகடு ஒட்டியவன், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படகில் கடலுக்குப் போகிறேன். மிதவைச் சட்டையை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டேன். முன்பக்கத்து மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு, புதுத் தகட்டை ஒட்டிய தையல் மேல் விரலை வைத்துக்கொண்டு குந்தினேன். கரை சின்னதானதும் அவர் வேகத்தைக் கூட்டினார். ஒவ்வோர் அலைக்கும் தகடு அறை வாங்கியது. அந்த அறை என் விரல் வழியாகத் தோள் வரைக்கும் வந்தது.

"உள்ளே காய்ந்திருக்கிறதா?" என்று பின்னாலிருந்து கத்தினார்.

"காய்ந்திருக்கிறது."

திருப்பினார். ஒரு பெரிய கப்பல் கிளப்பிவிட்ட அலைக்கு நேராக விட்டார். படகு எழுந்து விழுந்தது. என் பல்லும் பல்லும் மோதிக்கொண்டன.

"இப்போது?"

விரலைத் தையல் நெடுக ஓட்டிப் பார்த்தேன். "காய்ந்திருக்கிறது, பாங்."

இப்படி ஐந்து தடவையோ ஆறு தடவையோ. பிறகு அவர் கரைக்குத் திருப்பினார். நான் பக்கவாட்டில் தலையை நீட்டி, காலையில் தின்ற ரொட்டி சானாயை முழுக்கக் கடலுக்குக் கொடுத்தேன்.

படகுத் துறையில் அவர் மனைவி மீன் பெட்டியோடும் சாப்பாட்டுப் பையோடும் நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவர்தானா அது?"

"இவர்தான்" என்றார் அவர்.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினார். நான் துறையில் உட்கார்ந்துவிட்டேன். படகு மறுபடியும் வெளியே போவதை, கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அங்கேயே இருந்து பார்த்தேன்.