பத்மாவதியின் அப்டேட் சீட்டு

பத்மாவதியைப் பற்றிக் கேட்டால் ஆக்லாந்தில் எங்கள் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் பாதிப் பேர் "அந்தச் சீட்டுக்காரம்மாவா?" என்பார்கள். மீதிப் பேர் அவளிடம் ஒரு முறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். நான் இரண்டிலும் சேர்த்தி. அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி வேறு. எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது என்று என் மகள் தனுஷா சொல்வாள். சொல்லட்டும். பத்மாவின் கதையைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

அவள் திருப்பூர்க்காரி. அங்கே தெருப் பெண்களைச் சேர்த்துச் சீட்டு நடத்தியவள். கணவர் மகேசனுக்கு வெல்டிங் வேலைக்கு விசா கிடைத்து ஆக்லாந்து வந்தார்கள். வந்ததிலிருந்து ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்கும் வேலை. நாற்பத்தாறு வயதில் ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, மருந்தக உதவியாளர் படிப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். பாடம், பரீட்சை எல்லாமே வீட்டிலிருந்து இன்டர்நெட்டில்தான்.

"உமக்கென்ன விசரே? இந்த வயசில பரீட்சையோ?" என்று கேட்டேன்.

"ஏனுங்க்கா, மாத்திரை எண்ணுறதுக்கு வயசு எதுக்குங்க்கா?" என்றாள். இவளோடு கதைத்து வெல்ல முடியாது.

இது நடந்தது இரண்டாயிரத்துப் பதின்மூன்றில். அப்போதெல்லாம் எங்கள் வீடுகளுக்கு மாதம் இவ்வளவு ஜிபி என்று அளந்துதான் இன்டர்நெட் வரும். அளவு தீர்ந்தால் வேகம் சொட்டுச் சொட்டாகிவிடும். ஸ்கைப்பில் முகம் உறைந்து நிற்கும், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். போதாததற்கு, எங்கள் ஏழு வீட்டிலும் ஒரே மாதிரி மடிக்கணினி. ஐடியில் வேலை பார்க்கும் கோதண்டராமன் ஒரு தள்ளுபடியைக் காட்டி, ஏழு பேரையும் ஒரே கடைக்குக் கூட்டிப்போய் வாங்க வைத்தார். கூட்டமாய்ப் போய் ஒரே சாமானை வாங்குவதில் நம் ஆட்களை அடிக்க முடியாது. விளைவு என்னவென்றால், புது சிஸ்டம் அப்டேட் வந்தபோது ஏழு கணினியும் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் அதை இறக்கின. ஏழு வீட்டிலும் மாதம் பிறந்த கையோடு டேட்டா காலி.

கோயில் அன்னதானத்தில் எல்லோரும் இதையே புலம்பிக்கொண்டிருக்க, பத்மா சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஒரே சாமானை ஏழு பேரும் எதுக்குங்க இறக்கோணும்? ஒரு வீட்டுல இறக்கி, பென் டிரைவ்ல போட்டு மத்த ஆறு வீட்டுக்கும் குடுத்தாப் போதாதா? சீட்டு மாதிரி வெச்சுக்கலாங்க. காசுக்குப் பதிலா ஜிபி."

கோதண்டராமன் முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். பிறகு அவரே ஏழு வீட்டுக்கும் போய், கணினி தானாக எதையும் இறக்காதபடி நிறுத்தி வைத்தார். பத்மா ஏழு பெயரைத் துண்டுத் தாளில் எழுதி, எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினாள். எந்தப் பெயர் விழுகிறதோ அந்த வீடு அந்த முறை இறக்கும். பென் டிரைவ் இட்லி மாவோடும் கறிவேப்பிலைக் கட்டோடும் வீடு வீடாகப் போகும். முறை தப்பி ஒருவர் இன்னொருவர் வீட்டு டேட்டாவைத் தொடக் கூடாது, கேட்கவும் கூடாது என்பது சட்டம். மீறியவர்களுக்கு அவள் கொடுத்த மண்டகப்படியைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. ஒன்று சொல்ல வேண்டும். திருப்பூரில் முதல் சீட்டை நடத்துகிறவர் எடுத்துக்கொள்வதுதான் வழக்கமாம். பத்மா மட்டும் கடைசி ஆளாகத்தான் பென் டிரைவை வாங்குவாள். நாக்கு மேல் பல்லைப் போட்டு ஒருவரும் ஒரு சொல் சொல்லக் கூடாதாம்.

அந்தப் பிடிவாதம்தான் அக்டோபரில் அவள் கழுத்தைப் பிடித்தது. அவளுடைய இறுதிப் பரீட்சை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அந்த மாதம் வந்த புது அப்டேட்டைப் போட்டால்தான் பரீட்சைக்கான மென்பொருள் ஓடும். அதுவும் அவள் பெயரில் பதிவு செய்த அந்த ஒரே கணினியில்தான் எழுத வேண்டும், என்னுடையதைக் கொடுத்தாலும் செல்லாது. பாஸ் செய்தால் எங்கள் தெருமுனை மருந்தகத்தில் நவம்பரிலிருந்து வேலை. தவறினால் அடுத்த பரீட்சை மறு வருடம்தான். அதுவரை காத்திருக்க முடியாது, வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மருந்தகக்காரர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அவர் மேலும் பிழையில்லை.

அந்த அப்டேட் கோதண்டராமன் வீட்டில் இறங்கி, மற்ற ஐந்து வீடு சுற்றி, சனிக்கிழமை மாலை அவள் கைக்கு வந்தது. உடனே போட்டிருக்கலாம். ஆனால் அடுத்த நாள் சரஸ்வதி பூஜை. பூஜையில் வைத்து எடுத்து, விஜயதசமியன்று நல்ல நேரத்தில் போடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுண்டலுக்கு நானும் போனேன். புத்தகங்கள், மடிக்கணினி, பேனா எல்லாவற்றையும் கலைமகள் படத்துக்கு முன்னால் அடுக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். பென் டிரைவுக்கு மூடி என்றைக்கோ தொலைந்துபோயிருந்தது. அதன் பிளாஸ்டிக் உடம்பில் பொட்டு நிற்காமல் வழுக்கியதால், பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக எடுத்து அந்த இரும்பு வாயில் வைத்திருந்தாள். பார்க்க அழகாய்த்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "அக்கா!" என்று ஒரு சத்தம். ஓடினேன். பென் டிரைவைக் குத்தினால் கணினி கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. சந்தனம் உள்ளே போய்ச் சிமெந்து மாதிரி இறுகிவிட்டது. ஊசியால் கிண்டினாள், துணியால் துடைத்தாள், வெயிலில் வைத்தாள். அது செத்தது செத்ததுதான்.

கோதண்டராமனுக்கு நான்தான் போன் அடித்தேன். அவர் வீட்டில் டேட்டா முழுக்கத் தீர்ந்திருந்தது. இறக்கிய ஃபைலையும் இடமில்லை என்று அழித்துவிட்டார். மற்றவர்கள் கணினியில் போட்டதோ, வேலை முடிந்ததும் தானே அழிந்துவிடுமாம். கூடுதல் டேட்டா வாங்கலாம் என்றால் அது கணக்கில் ஏற மறுநாள் ஆகுமாம். பத்மா வீட்டிலும் இன்னும் இரண்டு வீட்டிலும் மிச்சம் ஒன்றுமில்லை. மீதி மூன்று வீட்டிலும் இன்டர்நெட் கணக்கு மாதம் முடிகிற நேரம், கொஞ்சம் கொஞ்சம்தான் இருக்கும். அப்டேட்டோ ஐந்து ஜிபிக்கு மேல்.

"ஒரு வீட்ல முழுசா இறங்காதுங்க மேடம். ஆனா பாதியில நின்னாலும் வீணாகாது. அடுத்த தடவை விட்ட எடத்துலேருந்து தொடரும்" என்றார் அவர்.

இந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். "பத்மா, எடும் அந்தக் கொம்ப்யூட்டரை. வீடு வீடாப் போவம். ஆளுக்குக் கொஞ்சம் தரட்டும்" என்றேன்.

அவள் அசையவில்லை. "வேண்டாங்க்கா. கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவளே நானு. நானே போயி கை நீட்டறதா? அடுத்த வருசம் எழுதிக்கறேன்."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "அடுத்த வருசம் உமக்கு ஆர் வேலை வச்சுக்கொண்டு இருக்கப் போகினம்? விடியக் கருக்கலில எழும்பி ரொட்டி அடுக்கி, பின்னேரம் கண் எரிய எரியப் படிச்சதெல்லாம் இதுக்கோ? நீர் கேக்க வேண்டாம். நான் கேக்கிறன். வாயை மூடிக்கொண்டு காரில ஏறும்!"

ஏறினாள். கத்தினால்தான் சிலருக்குக் காது கேட்கிறது.

முதல் பங்கு என் வீட்டில். தனுஷா அறையிலிருந்து தலையை நீட்டி, "அம்மா, தட்ஸ் மை டேட்டா! ஐ வாஸ் சேவிங் இட்!" என்று கத்தினாள். விஷயத்தைச் சொன்னேன். தன் போனை எடுத்து வைஃபையை அணைத்தாள். பெற்ற வயிறு குளிர்ந்துபோனது, பொய் ஏன் சொல்வேன்.

அடுத்தது பக்குரங்கா. அங்கே ராஜம்மா என்று ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ் அம்மா இருக்கிறார், மாதா கோயிலுக்குப் போகிறவர். வாசலிலேயே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பத்மா என் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றாள்.

"ஐயோ, இதுக்கா இவ்ளோ பயம்? உள்ள வாங்கலா! பேரனோட பேசத்தான் மிச்சம் வெச்சிருந்தேன். அவன் எங்க ஓடிப் போறான், அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்றார் ராஜம்மா. பிறகு பத்மாவின் கையிலிருந்த அந்தச் செத்த பென் டிரைவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க மாதாவா இருந்தா மெழுகுவத்தி ஏத்துறதோட விட்டிருப்பாங்க, தெரியுமா" என்றார். பத்மா அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தாள். அங்கே அவர் பிரட்டித் தந்த மீ கோரெங் நூடுல்ஸைச் சாப்பிட்டு முடிக்கும்போது பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

அங்கிருந்து ஒனிஹங்கா. சதாசிவம் அண்ணர் அங்கே டெய்ரி வைத்திருக்கிறார். பால், பாண், சிகரெட் விற்கும் கடை, பின்னால் வீடு. அவர் எங்கள் ஊர்க்காரர், கிரிக்கெட் பைத்தியம். இன்டர்நெட்டில் மேட்ச் பார்க்கத் தன் ஜிபியைப் பூட்டி வைத்தாற்போல் வைத்திருப்பவர். அவர் தருவார் என்று எனக்கே நம்பிக்கையில்லை.

"ஓம் பிள்ளை, எடும், எடும். அவங்கள் எப்பிடியும் தோக்கத்தான் போறாங்கள். அதைப் பாக்கிறதிலும் பாக்க இது நல்லது" என்று சொல்லிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் கணினி வைக்க இடம் ஒதுக்கித் தந்தார்.

பால் வாங்க வந்தவர்களெல்லாம் திரையில் இறங்கும் அளவைக் காட்டும் அந்த நீலக் கோட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கோடு நகர்ந்துகொண்டே போனது. முடிய இன்னும் இத்தனூண்டு இருக்கும்போது நின்றுவிட்டது. சதாசிவம் அண்ணரின் டேட்டாவும் தீர்ந்துபோனது.

பத்மா சார்ஜர் வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். பிறகு, "போதுங்க்கா. எல்லாத்தையும் தொடச்சு வாங்கியாச்சு. இனி யாரையும் கேக்காதீங்க" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

வீட்டுக்குப் போவோம் என்று வாசலுக்கு வந்தால், ரயில் நிலையப் பக்கமிருந்து மூச்சு வாங்க ஓடி வருகிறார் கோதண்டராமன். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை ஆடுகிறது. அரை நாள் லீவு போட்டு, எங்களைத் தேடி முதலில் ராஜம்மா வீட்டுக்குப் போன் போட்டு, அப்புறம் ரயில் பிடித்திருக்கிறார். போனை நீட்டினார்.

"இதுல என் மொபைல் டேட்டா கொஞ்சம் இருக்குங்க. ஹாட்ஸ்பாட் போட்டுத் தரேன்."

"வேண்டாங்க சார், உங்களுக்கு..." என்று பத்மா ஆரம்பித்தாள்.

"நீங்க பேசாதீங்க! சீட்டுல டேட்டா இருக்கறவங்க எல்லாரும் பங்கு கட்டியாச்சு. நான் மட்டும் ஏமாத்திட்டேன்னு நாளைக்கு ஊரே பேசறதா?" என்று அந்தச் சாதுவான மனிதர் அதட்டினார். நான் அவருக்கு அன்றைக்கே கோயில் கட்டியிருப்பேன்.

கோடு நகர்ந்தது. முடிந்தது. சதாசிவம் அண்ணர் விசில் அடித்தார். கடையில் நின்ற யாரோ ஒரு சமோவாப் பெண்மணி என்ன ஏது என்று தெரியாமலே கை தட்டினார். பத்மா என் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். "நான் வாயைத் தொறந்து கேக்கவே இல்லீங்களேக்கா... இத்தனை பேரு குடுத்துட்டாங்களே" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். நானும் அழுதேன்.

அவள் பரீட்சை எழுதினாள். வெறும் கேள்வித்தாளுக்கு அந்தச் சொட்டுச் சொட்டு வேகமே போதுமாயிருந்தது. அன்று காலை முழுக்க எங்கள் வீட்டில் ஒருவரும் சத்தம் போடவில்லை, நான் உட்பட.

நவம்பர் கடைசியில் என் பிரஷர் மாத்திரை வாங்கத் தெருமுனை மருந்தகத்துக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் வெள்ளை மேலங்கி, மார்பில் பெயர்ப் பட்டை, இறுக்கிக் கட்டிய கொண்டை. பத்மா என் மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள், ஆனால் கொடுக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, தெளிவான ஆங்கிலத்தில், தயவுசெய்து உங்கள் முழுப் பெயரையும் முகவரியையும் சொல்லுங்கள் என்றாள். யார் வந்தாலும் கேட்டு உறுதி செய்யாமல் மருந்து கொடுக்கக் கூடாது, அதுதான் அங்கே முறை.

வேறு நாளாயிருந்தால், "உம்மட பக்கத்து வீடுதானே, கண் தெரியேல்லையோ?" என்று கடையே அதிரக் கத்தியிருப்பேன். அன்றைக்கு நான் நிமிர்ந்து நின்றேன். என் முழுப் பெயர், வீட்டு எண், தெரு, மவுண்ட் ரோஸ்கில், ஆக்லாந்து என்று ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவளுக்கு ஒப்புவித்தேன்.