சந்தனம் வைத்த அடுப்பு

போன வாரம் வத்தலக்குண்டில் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். ஆயுத பூஜைக்கு மறுநாள். வந்த தாளில் எல்லாம் நட்டநடுவே ஒரு கரும்பொட்டு. மெஷினின் கண்ணாடி மேலேயே சந்தனத்தை வைத்திருக்கிறார்கள்! கடைப்பையன் சிரித்தான். எனக்கோ அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கோபம்தான் வந்தது. கத்திவிட்டேன். "பெருசுக்கு பிரஷர் போல" என்று அவன் முணுமுணுத்தது காதில் விழுந்தது. பிரஷரும் இருக்கிறது, மறுக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் ஃபிட்டராக இருந்தேன். மலையேறும்போது இன்ஜின் கொதிக்கும். டிரைவர் அவசரப்பட்டுப் பச்சைத்தண்ணீரை ஊற்றுவார். இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுவிடும். வார்ப்பிரும்பு இருக்கிறதே, மகா ரோஷக்காரப் பிறவி. முழுசும் ஒரே சீராகச் சூடேற்றி வெல்டு வைத்தால்தான் நிற்கும். ஓரிடம் சூடும் ஓரிடம் குளிர்ச்சியுமாக இருந்தால் ஆறும்போது மறுபடி விரிசல் விடும். கரி அடுப்பில் அந்தச் சீர் வராது.

சீமைக்கே திரும்பிப்போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் முதலாளி ஒரு கேஸ் அடுப்பு வாங்கினார். தட்டையான பெட்டி, முகத்தில் கம்பிவலை, அதன் பின்னால் ஏதோ மருந்து ஏற்றிய, தீப்பிடிக்காத கல்நார்ப் பஞ்சு. கேஸ் அந்தப் பஞ்சில் பட்டு, தீயே தெரியாமல் எரியும். சூடு மட்டும் எல்லாப் பக்கமும் சமமாக வரும். வெல்டர் காதர் பாய்க்கு அது உயிர். குளிருக்குக் கை காய்ச்ச நான் பக்கத்தில் போனாலே விரட்டுவார்.

அந்த வருஷ ஆயுத பூஜையில் மேனேஜர் சந்தனக் கிண்ணத்தோடு நேரே கம்பிவலைக்குப் போனார்.

"ஐயா, வலையில எதுவும் படக்கூடாதுன்னு தொரை சொல்லிட்டுப் போயிருக்காரு. பெட்டி மேல வைங்க" என்றார் காதர் பாய்.

"ஏன் பாய், எங்க சாமின்னா ஒமக்கு ஆகாதோ?"

எவ்வளவு கேவலமான கேள்வி! அதற்கு அந்த மனுஷர் என்ன பதில் சொல்வார்? "அவரு சொல்றது நாயந்தானுங்க" என்று நான் சொன்னதற்கு, "ஒன் சோலியப் பாருலே" என்று பதில் வந்தது. வலையில் சந்தனமும் குங்குமமுமாக மூன்று பெரிய பொட்டு.

மறுநாளே ஒரு ஹெட் வந்தது. காதர் பாய் வலையைத் துடைத்து, எப்போதும்போலச் சூடேற்றி வெல்டு வைத்தார். ஆறும்போது விரிசல் விட்டது. அடுத்ததும் அப்படியே. "கைராசி போயிருச்சு பாய், நீரு கெளம்பும்" என்றார் மேனேஜர். பெண்டாட்டி பிள்ளைகளோடு காதர் பாய் மலையிறங்கிவிட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு தகரத்தில் மெழுகு தடவி அந்த அடுப்பின் முன்னால் நிறுத்திப் பார்த்தேன். மெழுகெல்லாம் உருகி ஓடியது. மூன்று வட்டம் மட்டும் அப்படியே நின்றது. சந்தனம் பஞ்சுக்குள் இறங்கி அந்த இடங்களில் மருந்தைக் கொன்றிருக்கிறது. தீ தெரிகிற அடுப்பாயிருந்தால் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும். தகரத்தை மேனேஜர் மேஜையில் வைத்தேன். பார்த்தார். "தூக்கி வெளிய போடு" என்றார். அவ்வளவுதான்.

லீவு போட்டு வத்தலக்குண்டு, பெரியகுளம் எல்லாம் காதர் பாயைத் தேடினேன். கிடைக்கவில்லை.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். கம்பெனியும் இல்லை, மேனேஜரும் இல்லை. வெகுகாலம் கழித்து ஒரு கல்யாணத்தில் காதர் பாயின் மகளைப் பார்த்தேன். அவர் போய்ச் சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் சொன்னாள்:

"அதுக்கப்புறம் அத்தா வெல்டிங் கம்பியத் தொடவே இல்லைங்க. 'என் கைதான் தப்புப் பண்ணிருச்சு'ன்னு கடைசிவரைக்கும் கையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."